அன்பு பெற்ற பிள்ளை

(மூன்றாமாண்டு இளங்கலைப் பொருளியல் மாணவன்)

அன்பு என்னும் சொல்லைப் போல் நம் நாவில் அடிக்கடி புரளும் சொல் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. கடிதம் எழுதினால் 'அன்புள்ள' என்று தொடங்குகிறோம். மேடை ஏறினால் 'அன்பார்ந்த பெரியோர்களே' என்கிறோம். மண அழைப்பிதழ் அச்சிட்டால் 'அன்புடன் அழைக்கிறோம்' என்று முடிக்கிறோம். இத்தனை முறை சொல்லியும் அச்சொல்லின் ஆற்றல் என்ன, அது எவ்வாறு செயற்படுகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

அன்பைப் பற்றிக் கட்டுரை எழுதுவோர் பெரும்பாலும் ஒரே வழியில் செல்வர். அன்பு மலையைப் பெயர்க்கும், கல்லைக் கரைக்கும், பகையை வெல்லும் என்பர். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் நான் பொருளியல் படிக்கும் மாணவன். ஒரு செயல் நடந்தால், அது எதனால் நடந்தது, அதற்கு யார் உழைத்தார்கள், செலவை யார் ஏற்றார்கள் என்று கேட்கப் பழகியவன். அந்தப் பழக்கத்தோடு அன்பையும் நோக்கினேன். அப்போது எனக்குத் தோன்றிய கருத்தை இங்கே சக மாணவர்கள் முன்னும் ஆசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்கிறேன்.

அன்பு உள்ளத்தில் பிறக்கிறது; அதில் ஐயமில்லை. ஆனால் பிறந்த அளவிலேயே அதற்கு ஆற்றல் வந்துவிடுவதில்லை. பிறந்த குழந்தைக்கு ஊட்டி வளர்க்க ஒருத்தி வேண்டும். அவ்வாறே அன்புக்கும் உழைப்பும் பொருளும் ஒழுங்கும் வேண்டும். அவை இல்லாத அன்பு தொட்டிலிலேயே வாடிவிடும்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. வள்ளுவப் பெருந்தகை காட்டிய வழிதான். திருக்குறளில் அன்புடைமை 8ஆம் அதிகாரம். அது இல்லறவியலில் இருக்கிறது. அருளுடைமை 25ஆம் அதிகாரம். அது துறவறவியலில் இருக்கிறது. தொடர்புடையாரிடம் காட்டுவது அன்பு என்றும், தொடர்பில்லாத எல்லா உயிர்களிடமும் செல்வது அருள் என்றும் உரையாசிரியர்கள் வேறுபாடு கூறுவர். இவ்விரண்டையும் இணைக்கும் ஒரு குறளை வள்ளுவர் எங்கே வைத்தார் தெரியுமா? அறத்துப்பாலில் அன்று, பொருட்பாலில், 76ஆம் அதிகாரமாகிய பொருள் செயல்வகையில் வைத்தார். அருளை அன்பு பெற்ற பிள்ளையாகவும், பொருளை அப்பிள்ளையை வளர்க்கும் செவிலித் தாயாகவும் அவர் அங்கே உருவகம் செய்கிறார். பெற்றவள் ஒருத்தி, வளர்ப்பவள் இன்னொருத்தி. பணம் ஈட்டுவதைப் பேசும் இடத்தில் இப்படி ஒரு கருத்தைச் சொன்ன புலவரின் துணிவை எண்ணி நான் வியப்பதுண்டு.

இந்த உருவகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் வாழ்க்கையைச் சற்றுச் சுற்றி வருவோம்.

முதலில் வீடு. அன்பின் பிறப்பிடம் வீடே என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் வீட்டில் அன்பு எந்த உருவத்தில் இருக்கிறது? விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டும் உருவத்தில் இருக்கிறது. தண்ணீர்க் குடம் சுமக்கும் உருவத்தில் இருக்கிறது. நோயுற்ற கிழவனாரைத் திருப்பிப் படுக்க வைக்கும் உருவத்தில் இருக்கிறது. 'உன் மேல் எனக்கு அன்பு உண்டு' என்று நம் அன்னையர் சொல்லி நாம் கேட்டதில்லை. அவர்கள் சொல்வதெல்லாம் 'சாப்பிட்டியா?' என்ற ஒரு கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பின்னால் நாள் முழுவதும் நடந்த உழைப்பு இருக்கிறது.

அந்த உழைப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. 2019ஆம் ஆண்டில் நடுவண் அரசின் புள்ளியியல் துறை, மக்கள் ஒரு நாளின் நேரத்தை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று நாடு முழுவதும் ஆய்வு செய்தது. கூலியில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அவற்றில் செலவிடுகிறார்கள் என்றும், அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களையே செலவிடுகிறார்கள் என்றும் அது கண்டது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஒரு பக்கம், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் மறுபக்கம்! நாட்டு வருமானக் கணக்கில் இந்த ஐந்து மணி நேரத்துக்கு ஒரு காசும் ஏறுவதில்லை. கூலிக்கு ஆள் வைத்துச் சமைத்தால் அது வருமானம். தாய் சமைத்தால் அது அன்பு. நாங்கள் முதலாண்டில் படித்த பாடம் இது.

ஆகவே அன்னையின் அன்பைப் போற்றிக் கவிதை எழுதும் நண்பர்களிடம் நான் ஒன்று கேட்பேன். கவிதை எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எழுதிய கையோடு, உண்ட தட்டைக் கழுவி வைத்தீர்களா? ஒருத்தி மட்டுமே செலவழிக்க, மற்றவர் எல்லாரும் நுகர்வது அன்பின் வெற்றி ஆகாது. அது பங்கிடப்படாத சுமை. அதற்கு அன்பு என்று அழகிய பெயர் சூட்டிவிட்டால் சுமை குறைந்துவிடுமா?

அடுத்து, அன்பு வாசற்படியைத் தாண்டும் இடத்துக்கு வருவோம். அங்கேதான் அதன் உண்மையான ஆற்றல் வெளிப்படுகிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நாம் அறிவோம். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர்ந்து படித்த முதல் பெண். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் இடம்பெற்றவர். அவருடைய உடன்பிறந்த சகோதரி புற்றுநோயால் இறந்தார். மருத்துவராக இருந்தும் உடன்பிறந்தவளைக் காப்பாற்ற இயலாத துயரம் எத்தகையது என்பதை நாம் ஊகிக்கலாம். அத்தகைய துயரம் பல வீடுகளில் நேர்கிறது. படம் மாட்டி, விளக்கேற்றி, ஆண்டுதோறும் நினைவுநாள் கொண்டாடுகிறோம். அதுவும் அன்பே. ஆனால் அம்மையார் அதோடு நிற்கவில்லை. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைத்தார். பெண்கள் அமைப்பைக் கொண்டு நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் பிறந்தது.

ஒரு சகோதரியின்மேல் கொண்ட பாசம், முன்பின் பார்த்தறியாத பல்லாயிரம் சகோதரிகளுக்குப் படுக்கையும் மருந்தும் ஆயிற்று. அன்பு அருளாக வளர்ந்த வரலாறு இது. அந்த முப்பது ஆண்டுகளில் நடந்தது என்ன? மனு எழுதுதல், பணம் கேட்டு வாசல் வாசலாக நிற்றல், இல்லை என்ற விடையைக் கேட்டுத் திரும்புதல், மறுநாள் மீண்டும் செல்லுதல். செவிலித்தாயின் வேலை அப்படித்தான் இருக்கும். அதில் கவர்ச்சி இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் பிள்ளை வளராது.

வடலூரை எடுத்துக்கொள்வோம். பயிர் வாடினாலும் தாம் வாடிய உள்ளம் வள்ளலாருடையது என்று நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அந்த இரக்கம் பாடலாக மட்டும் நின்றிருந்தால் நமக்கு நல்ல பாடல்கள் கிடைத்திருக்கும். பசித்தவனுக்குச் சோறு கிடைத்திருக்காது. 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் அவர் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பை ஏற்றினார். அந்த அடுப்பு இன்றளவும் அணையவில்லை என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் அந்த இடம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். பார்வதிபுரத்துக் குடியானவர்கள் தங்களுக்குச் சொந்தமான ஏறத்தாழ 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். வள்ளலாரின் உள்ளம் பெற்ற பிள்ளைக்கு அந்த உழவர்களின் நிலம் செவிலியாயிற்று. அருட்பெருஞ்சோதியை நினைப்பவர்கள் அந்தப் பெயர் தெரியாத உழவர்களையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் கருத்து.

வடலூர் ஓர் ஊர். அதே கருத்து ஒரு மாநிலத்தின் திட்டமாக மாறிய வரலாறும் நம்மிடம் உண்டு. அதுதான் பள்ளிப் பிள்ளைகளின் உணவு.

1920இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள தன் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பிள்ளைகளின் வருகை கூடியது. வேறு சில பள்ளிகளுக்கும் திட்டம் பரவியது. ஆயினும் செலவைக் காரணம் காட்டி அன்றைய ஆங்கில அரசு தடை சொல்ல, 1925இல் அது நின்றுபோயிற்று. இரக்கம் இருந்தது, பசி இருந்தது, செவிலி மட்டும் விலகிக்கொண்டாள். பிள்ளை வளரவில்லை.

மீண்டும் அது எழுந்தது 1956இல். அப்போது முதலமைச்சராக இருந்த பெருந்தலைவர் காமராசர், பசியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று உணர்ந்தார். பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு திட்டத்துக்கு உருவம் கொடுத்தார். ஊர் மக்கள் அரிசியும் காயும் பணமும் கொடுத்தார்கள். பின்னர் அரசு தன் கருவூலத்தைத் திறந்தது. 1982ஆம் ஆண்டு சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டது. கட்சிகள் மாறின; முதலமைச்சர்கள் மாறினர்; தட்டு மட்டும் பிள்ளையின் முன்னால் இருந்தது. எந்த ஆட்சிக்கு எவ்வளவு பெருமை என்று பங்கு பிரிப்பது என் வேலை அன்று. ஒருவர் மனத்தில் தோன்றிய இரக்கம், அவர் மறைந்த பிறகும் பிள்ளைக்குச் சோறு போடுகிறதே, அதை எண்ணிப் பாருங்கள்! அன்பு ஓர் ஏற்பாடாக மாறினால் அதற்குச் சாவு இல்லை.

நானும் அந்தத் தட்டில் உண்டு வளர்ந்தவன். எங்கள் பள்ளியில் சமைத்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வரிசையில் நிற்கும் பிள்ளையின் நிற்கும் முறையைப் பார்த்தே, முதல் நாள் இரவு அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா இல்லையா என்று அவர் சொல்லிவிடுவார். அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக விழும். ஏன் என்று கேட்க மாட்டார். பிறர் காதில் விழச் சொல்லவும் மாட்டார். அரிசி அரசு கொடுத்தது. அந்தக் கூடுதல் கரண்டியை எந்த அரசாணையும் எழுதவில்லை.

இந்த இடத்தில் என்னோடு வாதிடும் நண்பர் ஒருவர் கேட்கக்கூடும்: "எல்லாம் பணமும் சட்டமும் செய்கின்றன என்றால், பிறகு அன்பு எதற்கு? வரியை ஒழுங்காக வாங்கி, திட்டத்தை ஒழுங்காக நடத்தினால் போதாதா?" நல்ல கேள்வி. போதாது என்பதே என் விடை. செவிலி மட்டும் இருந்து தாய் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம்.

ஒரு நியாய விலைக் கடையில் நான் கண்டது இது. ஒரு மூதாட்டி அரிசி வாங்க வந்திருந்தார். வாழ்நாள் முழுதும் களை பறித்தும் கல் சுமந்தும் அவர் விரல் ரேகை தேய்ந்துபோயிருந்தது. கருவி அதை ஏற்கவில்லை. "பாட்டி, ரேகை விழல. நாளைக்கு வாங்க" என்றார் விற்பனையாளர். மூதாட்டி நேற்றும் வந்தவர் என்று வரிசையில் இருந்தவர்கள் சொன்னார்கள். அப்போது எடை போட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். "கையைக் கொடு ஆத்தா" என்று வாங்கி, ஈரத் துணியால் விரலைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தார். நான்காவது விரல் விழுந்தது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அதே கடை, அதே அரிசி, அதே கருவி, அதே சட்டம். ஒருவரிடம் 'நாளைக்கு வா', இன்னொருவரிடம் 'கையைக் கொடு'. திட்டத்துக்கும் மனிதனுக்கும் இடையில் இருக்கும் அந்தக் கடைசி ஒரு முழத்தை எந்தச் சட்டத்தாலும் கடக்க முடியாது. அதை அன்பு ஒன்றுதான் கடக்கும்.

தாயும் செவிலியும் ஒன்றுகூடி வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரை சான்று. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976இல் அங்கே 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளமையில் வந்த மூட்டு வாத நோயால் அவருடைய விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களைக் கொண்டே கத்தி பிடிக்கப் பழகி, பல்லாயிரம் கண்களில் அறுவை செய்தவர் அவர். அவருடைய உள்ளத்தைப் புகழ்வதோடு நாம் நின்றுவிடக் கூடாது. அவருடைய கணக்கையும் பார்க்க வேண்டும். கொடுக்க முடிந்தவரிடம் கட்டணம் பெற்று, கொடுக்க இயலாதவருக்கு இலவசமாகச் செய்வது என்பது அந்தக் கணக்கு. கண்ணுக்குள் வைக்கும் வில்லை வெளிநாட்டிலிருந்து வந்து விலை மிகுந்திருந்தது. எனவே 1992இல் தாங்களே அதைச் செய்யத் தொழிற்கூடம் அமைத்தார்கள். விலை பல மடங்கு குறைந்தது. ஊர் ஊராக முகாம் நடத்தி நோயாளியைத் தேடிச் சென்றார்கள். இரக்கம் கணக்குப் புத்தகத்தைக் கண்டு அஞ்சவில்லை. கணக்குப் புத்தகத்தைத் தனக்கு ஊழியம் செய்ய வைத்தது. 2006இல் அவர் மறைந்தார். மருத்துவமனை மறையவில்லை.

இனி, நான் மிகவும் வருத்தத்தோடு எழுத வேண்டிய பகுதிக்கு வருகிறேன். அன்பு வாசற்படியைத் தாண்டாமல் உள்ளேயே நின்றுவிட்டால் என்ன ஆகும்? வெறுமனே சிறிதாக நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அன்று. உள்ளே நின்ற அன்பு சில வேளைகளில் நஞ்சாகத் திரிந்துவிடுகிறது.

கையூட்டு வாங்கும் அலுவலரை நாம் கொடியவர் என்கிறோம். அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளைகளிடம் உருகுகிற தந்தையாக இருப்பார். யாருக்காக வாங்கினீர் என்று கேட்டால், 'என் பிள்ளைகளுக்காக' என்பார். பொய் சொல்லவில்லை. மருமகள் வீட்டில் நகை கேட்கும் மாமியாரும் தன் மகன்மேல் கொண்ட அன்பினால்தான் கேட்கிறார். தன் பிள்ளைக்கு இடம் கிடைக்க, தகுதியுள்ள ஏழைப் பிள்ளையின் இடத்தைத் தட்டிப் பறிக்கும் செல்வரும் அன்புள்ளவரே. இவர்களிடம் அன்பு இல்லை என்று சொல்வது தவறு. இருக்கிறது, அது வீட்டுச் சுவரோடு முடிந்துவிடுகிறது.

சாதி என்பது அந்தச் சுவர்களுள் மிக உயரமானது. பள்ளியில் உணவு சமைப்பவர் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் என்பதற்காக, அந்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணக் கூடாது என்று பெற்றோர் தடுத்த செய்திகள் 2018இலும் வந்தன, 2023இலும் வந்தன, அதுவும் நம் தமிழ்நாட்டில். தம் பிள்ளைகளின்மேல் அன்புள்ள பெற்றோர்தாம் அவர்கள். நான் மேலே சொன்ன சமையல் அம்மாவின் கூடுதல் கரண்டியை, ஒரு பெற்றோரின் பாசம் தட்டிவிட்டது. இதைவிடத் துயரமான காட்சி உண்டா?

உண்டு. பாலூட்டித் தாலாட்டி வளர்த்த மகளை, அவள் வேறு சாதி இளைஞனை மணந்தாள் என்பதற்காகக் கொன்றுபோடும் கொடுமை உண்டு. கேட்டால், 'எங்கள் செல்ல மகள்' என்பார்கள். 18 வயது நிறைந்த பெண்ணும் 21 வயது நிறைந்த ஆணும் தம் விருப்பப்படி மணந்துகொள்வதைத் தடுக்கக் குடும்பத்துக்கோ சாதிக் கூட்டத்துக்கோ உரிமை இல்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1967இல், பேரறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சடங்கு இல்லாத சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளிக்கும் சட்டத் திருத்தம் நிறைவேறியது. கலப்பு மணம் செய்வோருக்கு உதவித் தொகை வழங்கும் நம் மாநிலத் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரே சூட்டப்பட்டது. சட்டம் இருக்கிறது, நிதி இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. இங்கே செவிலி தன் கடமையைச் செய்துவிட்டாள். பிள்ளையைப் பெற வேண்டிய தாயைத்தான் காணோம்!

ஆகவே என் கருத்தை இருபுறமும் சேர்த்துச் சொல்கிறேன். ஏற்பாடு இல்லாத அன்பு பெருமூச்சு. அன்பு இல்லாத ஏற்பாடு வெறும் இயந்திரம். வாசற்படியைத் தாண்டாத அன்போ இவ்விரண்டினும் கொடிது. ஏனெனில் அது தன்னை நல்லது என்றே நம்பிக்கொண்டு தீங்கு செய்கிறது.

இதையெல்லாம் கல்லூரி மாணவர்களாகிய நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நம்மிடம் 80 காணி நிலம் இல்லை, கருவூலமும் இல்லை. ஆயினும் நம்மிடம் மூன்று பொருள்கள் உண்டு. நேரம் உண்டு, குருதி உண்டு, குரல் உண்டு.

குரலை முதலில் சொல்கிறேன். நம்மைப் போன்ற அரசு கலைக் கல்லூரிகளில் பார்வையற்ற நண்பர்கள் பலர் பயில்கிறார்கள். வழிகாட்டிக் கைபிடித்துச் செல்ல எல்லாருக்கும் மனம் வருகிறது. அது நல்ல பண்பு. ஆனால் அவர்களுக்கு அதைவிட வேண்டியது, பாடநூலை வாசித்துக் காட்ட ஒரு குரல். எங்கள் விடுதியில் ஒரு நண்பர் செவ்வாயும் வெள்ளியும் மாலை ஏழு மணிக்கு வரலாற்று நூலை உரக்க வாசிப்பார். பார்வையற்ற தோழர் அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்வார். மழை பெய்தாலும், மறுநாள் தேர்வு இருந்தாலும், மனம் சரியில்லாவிட்டாலும் ஏழு மணிக்கு அந்தக் குரல் கேட்கும். "மனம் வரும்போது வாசிப்பேன் என்று சொல்லியிருந்தால் இரண்டு வாரத்தில் நின்றிருக்கும்" என்று அவர் ஒருநாள் என்னிடம் சொன்னார். கால அட்டவணை போட்ட அன்பு அது. தேர்வில் சொல்வதை எழுதுவோர் தேவைப்படும்போதும் விதிக்கு உட்பட்டு முன்வருவோர் பட்டியல் ஒன்று துறைதோறும் ஆயத்தமாக இருந்தால், தேர்வுக்கு முன்னாள் அவர்கள் ஆள் தேடி அலைய வேண்டியிராது.

அடுத்தது குருதி. 1998 முதல் நம் நாட்டில் குருதியைக் காசுக்கு விற்பது தடை செய்யப்பட்டிருக்கிறது. எனவே அறுவைக் கூடத்தில் கிடக்கும் ஒருவருக்கு வேண்டிய குருதி, எவரோ ஒருவர் மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு. 18 வயது நிறைந்து, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் நல்ல உடல்நலமும் இருந்தால் போதும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். யாருக்குப் போகிறது என்று கொடுப்பவருக்குத் தெரியாது. யார் கொடுத்தார் என்று பெறுபவருக்குத் தெரியாது. நன்றி சொல்லவும் வழியில்லை. சாதி கேட்கவும் வழியில்லை. அருள் என்று வள்ளுவர் சொன்னதற்கு இதைவிடத் தூய்மையான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1969இல் காந்தியடிகளின் நூற்றாண்டில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம் நம் கல்லூரிகளில் இதற்கு முகாம்கள் நடத்துகிறது. முகாம் நாளில் மட்டும் அன்றி, ஆண்டு முழுதும் பெயரும் குருதிப் பிரிவும் எழுதிய ஏடு ஒன்றை நாம் வைத்துக்கொள்ளலாமே!

மூன்றாவது நேரம். தேர்வுக் கட்டணம் கட்ட இயலாமல் ஒரு தோழி படிப்பை நிறுத்தினாள் என்று பிறகு கேள்விப்பட்டு நாம் வருந்துகிறோம். வருத்தம் உண்மையானதே. ஆனால் மாதம் பத்து ரூபாய் வகுப்பில் ஒவ்வொருவரும் கொடுத்து, ஆசிரியர் ஒருவர் பொறுப்பில் வைத்திருந்தால், அந்த வருத்தத்துக்கே இடமிருந்திராது. ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் சேரும். அதைச் சேர்க்கவும் கணக்கு எழுதவும் மாதம் ஒரு மணி நேரம் போதும். யாருக்குக் கொடுத்தது என்பதை அந்த ஆசிரியரைத் தவிர வேறு எவரும் அறிய வேண்டியதில்லை. பெறுபவர் தலை குனியாமல் பெறும்படி கொடுப்பதும் அன்பின் ஒழுங்குகளுள் ஒன்று.

இவையெல்லாம் சிறியவை என்று சிலர் சிரிக்கக்கூடும். ஒரு பள்ளியில் தொடங்கிய சிற்றுண்டியும் சிறியதாகவே இருந்தது. பதினொரு படுக்கையும் சிறியதாகவே இருந்தது. சிறியதாகப் பிறப்பது பிள்ளைகளின் இயல்பு. வளர்ப்பதும் வாட விடுவதும் நம் கையில் இருக்கிறது.

நண்பர்களே, நாம் இன்னும் சில திங்களில் இந்தக் கல்லூரியை விட்டுச் செல்வோம். நம்மில் சிலர் அலுவலகங்களில் மேசைக்குப் பின்னால் அமர்வோம். சிலர் வகுப்பறையில் நிற்போம். சிலர் கடை நடத்துவோம். எல்லாரும் ஒருநாள் பெற்றோர் ஆவோம். மேசைக்கு முன்னால் ஒரு முதியவர் நடுங்கும் கையோடு நிற்பார். நம் மகளோ மகனோ தாம் விரும்பியவரை அழைத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நிற்பர். அன்பைப் பற்றி நாம் படித்ததும் எழுதியதும் பேசியதும் எல்லாம் அந்த இரண்டு வாசல்களில்தான் சோதிக்கப்படும். அன்று கதவைத் திறக்க வேண்டுமானால், திறக்கும் பழக்கத்தை இன்றே கைகளுக்குக் கற்றுக்கொடுத்தாக வேண்டும்.